பெயர் தேடிய தீவு – 7: ஓர் எழுத்தின் மேல் பூசிய தார்

1958 மார்ச். தெற்கிலிருந்து புதிய அரசுப் பேருந்துகள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தன. தனியார் பேருந்துகளை நாட்டுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வண்டிகளில் குறையொன்றும் இல்லை. எண்பலகையில்தான் வினை இருந்தது. எண்களுக்கு நடுவே, சிங்கள எழுத்தில், 'ஸ்ரீ'. தார் வாளியோடு தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள்; அந்த ஓர் எழுத்தைக் கறுப்பாக்கினார்கள்.

அரபு மாலுமிகள் 'சரந்தீபு' என்றதையும், 1505-இல் வந்த போர்த்துக்கீசியர் 'செய்லாவ்' என்றதையும், அதுவே ஆங்கிலேயர் வாயில் 'சிலோன்' ஆனதையும் சென்ற வாரம் பார்த்தோம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் கடை பரப்பியிருக்கும் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குக் கொழும்பு புதிய ஊரல்ல. காயல்பட்டினத்து இரத்தின வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த துறைமுகம் அது. சரந்தீபு என்றாலும் சிலோன் என்றாலும் இலங்கை என்றாலும் அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை. பெயருக்காக இரத்தம் சிந்தியது 20-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முதல் அறிகுறி, ஒரு வாகன எண்பலகை.

அதுவரை அங்கே ஓடிய வாகனங்களின் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்தே அவற்றை இரண்டிரண்டாக எடுத்திருந்தார்கள். வெள்ளையன் வைத்த பெயரின் துண்டுகள் ஒவ்வொரு காரிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை நீக்க வேண்டும் என்ற விருப்பத்தில் தவறு காண முடியாது. ஆனால் 1956-இல்தான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்திருந்தது. அந்தப் புண் ஆறுமுன் அதே மொழியின் எழுத்து தமிழனின் வண்டியிலும் ஏறியது.

தமிழர்கள் 'ஸ்ரீ' என்ற சொல்லை வெறுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலர் தம் வண்டிகளில் அதே சொல்லைத் தமிழில் எழுதிக்கொண்டார்கள். எதிர்ப்பு, எந்த மொழியின் எழுத்தில் அது திணிக்கப்பட்டது என்பதற்குத்தான். நம் ஊரைப் பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கோயிலின் பெயர் ஸ்ரீ கந்தசுவாமி கோயில். 'டான் ஸ்ரீ', 'டத்தோ ஸ்ரீ' என்று மலாய் மரபிலும் அதே சொல் மரியாதையோடு அமர்ந்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று இனமும் கூசாமல் சொல்லும் சொல், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆளையே கொன்றது.

தார் வடக்கோடு நிற்கவில்லை. தெற்கில் தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துகளையும் தார் மூடியது. முந்திய ஆண்டு ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 1958 ஏப்ரல் 9 அன்று, அதைக் கைவிடச் சொல்லி, பிக்குகள் பிரதமரின் கொழும்பு வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம் வெடித்தது. வீடிழந்த தமிழர்களைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டின் பெயர் அப்போதும் சிலோன்தான். 'ஸ்ரீ லங்கா' என்ற பெயர் ஒரே நாளில் சட்டத்தில் வந்து குதித்ததல்ல. முதலில் அது ஒரு கட்சியின் பெயர்: 1951-இல் பண்டாரநாயக்க தொடங்கிய ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி. அதிலிருந்த 'ஸ்ரீ' பிறகு எண்பலகைக்கு வந்தது. மூன்றாவதாகத் தேசிய கீதம்.

அந்தக் கீதத்தின் கதை மனத்தை வருத்தும். எழுதி இசையமைத்தவர் ஆனந்த சமரக்கோன், தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். 1951-இல் அவர் பாட்டு தேசிய கீதமானது. மறு ஆண்டே, நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 1959-இல் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டின் தொடக்கச் சொற்கள் அபசகுனம் என்று பேச்சு கிளம்பியது. 1961-இல் அரசு அந்தச் சொற்களை மாற்றி, 'ஸ்ரீ லங்கா' என்ற பெயரைத் தொடக்கத்தில் வைத்தது. சமரக்கோன் சம்மதிக்கவே இல்லை. 1962 ஏப்ரலில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு பெயர் நாட்டின் மேல் ஏறுவதற்குள் எத்தனை பேரை மிதித்துச் சென்றிருக்கிறது!

கட்சி, எண்பலகை, கீதம். எஞ்சியிருந்தது அரசு.

1970 மே தேர்தலில், கொல்லப்பட்ட பிரதமரின் மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களைப் பிடித்தது. ஜூலை 19 அன்று கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடியது. புதிய அரசியலமைப்பை வடிக்கும் பொறுப்பு அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவிடம். யார் இவர்? 1956-இல் சிங்களம் மட்டும் என்ற மசோதாவை நாடாளுமன்றத்தில் எதிர்த்து, ஒரு மொழி என்று பிடிவாதம் பிடித்தால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்த அதே இடதுசாரி. இப்போது அவர் கைவழி வந்த அரசியலமைப்பு சிங்களத்தையே ஆட்சிமொழியாக உறுதிசெய்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சிறுபான்மையினருக்கு ஓரளவு அரணாக இருந்த பழைய 29-ஆம் பிரிவு காணாமல் போனது. எனக்கு இந்த மனிதரை மன்னிப்பது கடினமாக இருக்கிறது. விளைவு தெரியாமல் செய்தார் என்று சொல்லவும் வழியில்லை.

தமிழரசுக் கட்சி சபைக்குள் இருந்து வாதாடிப் பார்த்தது. கூட்டாட்சி கேட்டுக் கொடுத்த திருத்தம் தோற்றது. மொழிக்காகக் கொடுத்ததும் தோற்றது. 1971 ஜூனில் கட்சி வெளியேறியது. 1972 மே 22 அன்று, நல்ல நேரம் பார்த்து, சிலோன் என்ற நாடு ஸ்ரீ லங்கா என்ற குடியரசாயிற்று.

கோலாலம்பூரில் மட்டும் பழைய பெயர் போகவில்லை. புக்கிட் சிலோன் அப்படியே இருந்தது, ஜாலான் சிலோனும் இருந்தது. இரயில்வேக்கு எழுத்தர்களாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இங்கே சிலோன் தமிழராகவே நீடித்தார்கள்.

அவர்களுக்கும் கொழும்பில் நடந்ததற்கும் ஓர் உயிருள்ள இணைப்பு உண்டு. வேலுப்பிள்ளை என்ற யாழ்ப்பாணத்தார் பிழைப்புத் தேடி மலாயா வந்தார். 1898 மார்ச் 31 அன்று ஈப்போவில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். சிறுவயதிலேயே அந்தப் பிள்ளையைத் தாய் தெல்லிப்பழைக்கு அழைத்துப் போனார். நம் ஈப்போவில் பிறந்த அந்தப் பிள்ளைதான் செல்வநாயகம்.

1972-இல் அவருக்கு 74 வயது. பார்கின்சன் நோய் உடலைத் தளர்த்தியிருந்தது. குரல் அடுத்த இருக்கைக்கே எட்டாது. அவர் ஆயுதம் எடுப்பவர் அல்லர், தெருவில் இறங்கவும் உடம்பில் தெம்பில்லை. அக்டோபர் 3 அன்று, குடியரசின் புதிய பேரவையில், தம் இருக்கையிலிருந்து மெல்ல எழுந்தார். அவர் அன்று அரசுக்கு விட்ட சவாலுக்கு முகம் கொடுக்க, அத்தனை பெரும்பான்மை கொண்ட அரசுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அப்படி என்ன கேட்டார் அந்தப் பெரியவர்?

(தொடரும்)