திருவாசகமும் நான்கு குரல்களும்: திரைக்கு வெளியே இளையராஜா

மார்கழியில் சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கோயில்களில் திருவெம்பாவை பாடும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், கூடியிருப்பவர்கள் அதே மெட்டில் தொடர்வார்கள். ஐம்பது பேர் பாடினாலும் காதில் விழுவது ஒரே மெட்டு. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குத் தயாராகும் பிள்ளைகளும் இப்படித்தான் பழகுகிறார்கள்.

தமிழ்த் தேவாலயங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. பாடகர் குழு ஒரே ஞானப்பாட்டை நான்கு குரல்களாகப் பிரித்துக்கொள்ளும். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல், ஆண்களிலும் அப்படியே. நால்வரும் வெவ்வேறு சுரங்களில் பாடுவார்கள், ஆனால் சேர்ந்து கேட்கும்போது ஒன்றாக இருக்கும். இதைத்தான் ஹார்மனி என்கிறோம்.

கோயில் பாட்டும் இந்தப் பலகுரல் முறையும் ஒரே இசைத்தட்டில் சந்தித்த ஆண்டு 2005. அந்தப் படைப்பு இசைஞானி இளையராஜாவின் ‘திருவாசகம்’. திரைப்பாடல்களால் அவரை அறிந்த அளவுக்கு, சேர்ந்திசைக்காகவும் சிறு இசைக்குழுவுக்காகவும் அவர் எழுதியவற்றை நம்மில் பலர் அறிந்ததில்லை. ஒரு வானொலி நிகழ்ச்சியில் மூன்று நிமிடத்துக்குள் அடங்காதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக ஆர்மோனியத்துடன் சுற்றியவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். கர்நாடக இசையை டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1986இல், பாடலே இல்லாத ஓர் இசைத்தொகுப்பை அவர் வெளியிட்டார். பெயர் ‘ஹவ் டு நேம் இட்?’. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில் பாக்கின் புகழ்பெற்ற வயலின் முன்னிசை ஒன்று ஒலிக்க, அதன்மேல் இளையராஜா தம் சொந்த இசையைப் பின்னுகிறார். வீட்டுக்கு வந்த பெரியவரை உட்காரவைத்து உரிமையோடு பேசுவதுபோல இருக்கும்.

இதில் உள்ள சிக்கல் சாதாரணமானதல்ல. நம் இசையில் ஒரு சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அசையும், வளையும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வரும். கமகம் என்பது இதுவே. ராகத்தின் உயிரும் அதில்தான். ஆனால் நான்கு குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமானால் சுரங்கள் நிலையாக நிற்க வேண்டும். அசைந்தால் அடுக்கு கலையும். நிறுத்தினால் ராகம் வெளிறும். அந்தத் தொகுப்பில் ஓரிடத்தில் வயலின் கமகத்தோடு உலவ, மற்ற தந்திகள் அதற்குத் தரையாக நிற்கின்றன. வேறோர் இடத்தில் ‘ஃபியூக்’ என்ற வடிவம் வருகிறது. ஒரு குரல் சொன்னதை அடுத்த குரல் வேறு சுரத்தில் தொடங்கும். முதல் குரல் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். நரசிம்மன் பின்னாளில் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்’ அமைத்து, நான்கு தந்திக் கருவிகளில் கீர்த்தனைகளுக்கு ஹார்மனி சேர்த்து வாசித்தார். 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் முன்னால் நிற்கும்.

கருவிகளுக்குச் சொல் கிடையாது. திருவாசகத்துக்கு உண்டு. அங்கேதான் பொறுப்பு கூடுகிறது.

அருட்தந்தை ஜெகத் கஸ்பரின் தமிழ் மையம் அமைப்பு இதைத் தயாரித்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை ‘காட்ஸ்பெல்’, ‘விக்கட்’ ஆகிய இசைநாடகங்களால் அறியப்பட்ட அமெரிக்கர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். இதைச் ‘சிம்பொனி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சிம்பொனி என்பது பெரும்பாலும் பாட்டில்லாத, பல பகுதிகள் கொண்ட இசைக்குழுப் படைப்பு. சமய நூலைத் தனிக்குரல், சேர்ந்திசை, இசைக்குழு மூன்றும் சேர்ந்து நடிப்பில்லாமல் பாடுவதற்கு ‘ஒரட்டோரியோ’ என்று பெயர். 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஹாண்டலின் ‘மெசையா’ அந்த வகை. இளையராஜாவின் திருவாசகமும் அந்த வகைதான்.

திருவாசகத்தின் 51 பகுதிகளில் ஆறிலிருந்து மட்டும் பாடல்கள் எடுக்கப்பட்டன: சிவபுராணம், யாத்திரைப் பத்து, திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, அச்சப்பத்து, திருப்பொற்சுண்ணம். தேர்வே சிந்திக்க வைக்கிறது. திருப்பொற்சுண்ணம், பெண்கள் உலக்கை பிடித்து நறுமணப் பொடி இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது. வேலைப்பாட்டின் தாளம் மாணிக்கவாசகரிடமே இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. சிவபுராணப் பகுதியே தொகுப்பில் நீளமானது. புல்லாய், புழுவாய், மரமாய், மிருகமாய்ப் பிறந்து பிறந்து இளைத்துப்போன உயிரின் களைப்பு அதன் பொருள். அங்கே ஆங்கிலக் குரல்கள் மனிதனின் சிறுமையைப் பாட, இளையராஜாவின் குரல் தமிழில் இறைஞ்சுகிறது. ஆங்கிலம் தேவைதானா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கேட்டுப் பழகியபின்னும் அந்த இணைப்பு சில இடங்களில் ஒட்டாமல்தான் நிற்கிறது.

இன்னொரு கேள்வி ஓதுவார் மரபிலிருந்து வருவது. திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவதே வழக்கம். அந்த மோகனத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது முதலில் அந்நியமாகவே ஒலிக்கும். ஆனால் சொல் சிதையவில்லை. நான்கு குரல்கள் நான்கு சொற்களை ஒரே நேரத்தில் சொன்னால் பொருள் புரியாது. குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். அதனால் பெரும்பாலும் பாடலின் சொற்களைத் தனிக்குரலிடம் ஒப்படைத்து, சேர்ந்திசையைப் பின்னால் நிறுத்துகிறார் இளையராஜா. மேற்கத்திய சேர்ந்திசை வல்லுநர் ஒருவர் இதைத் துணிவின்மை என்று சொல்லக்கூடும். தமிழ் தெரிந்தவருக்கு அது மரியாதை.

சிம்பொனி என்ற பெயருக்கு முழுவதும் பொருந்தும் படைப்பும் அவரிடம் உண்டு. 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பதிவான சிம்பொனி பொதுமக்கள் காதுக்கு வரவே இல்லை. 2025 மார்ச் 8 அன்று ‘வேலியன்ட்’ லண்டன் ஈவன்டிம் அப்போலோ அரங்கில் அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 81.

செவ்வியல் படைப்பு ஒன்று நிலைப்பது, எழுதியவர் இல்லாத மேடையிலும் பிறர் அதைப் பாடும்போதுதான். மெசையாவை இன்று ஊர்ப் பாடகர் குழுக்களே பாடுகின்றன. தமிழிலும் கூடிப் பாடும் முயற்சிக்கு முன்மாதிரி இருக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ தொடங்கி, இசை பயிலாத இளைஞர்களையும் சேர்த்துப் பாரதியின் பாடல்களைச் சேர்ந்திசையாகப் பாடவைத்தார். திருவாசகத்துக்குப் பெரிய இசைக்குழு வேண்டும், செலவு பெரிது. ஆனால் அச்சப்பத்தின் ஒரு பாடலை ஆர்மோனியமும் இருபது குரல்களும் வைத்துக்கொண்டு இரண்டு குரலாகவேனும் பிரித்துப் பாடிப் பார்க்கத் தோட்டத்துக் கோயில் மண்டபமே போதும்.

முதன்முறை கேட்பவர்கள் திருப்பொற்சுண்ணத்தில் தொடங்கலாம். சிவபுராணப் பகுதிக்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் பிடிபடாது.