விட்ட இடத்தில் புள்ளி

போன வாரம் திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் பழைய சகா ஒருவரைப் பார்த்தேன். "அந்த டிஸ்க் விவகாரம் ஞாபகம் இருக்கா சார்?" என்று சிரித்தார். மறக்குமா?

1999-இல் எங்கள் அலுவலக யுனிக்ஸ் சர்வரின் ஹார்ட் டிஸ்க் படிக்க முடியாமல் ஆங்காங்கே திணற ஆரம்பித்தது. வழி இரண்டு. யுனிக்ஸைப் புதிதாகப் போட்டு, டேப்பில் இருக்கும் முந்தைய நாள் பேக்கப்பை ஏற்றலாம். இரண்டு நாள் வேலை, அன்றைய பதிவுகளும் போய்விடும். அல்லது டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்குப் பெயர்க்கலாம். பெயர்ப்போம் என்றேன் நான்.

நியூசிலாந்தில் பிறந்து, 1998-இல் சைமன்டெக் வாங்கிய கோஸ்ட் அப்போது பிரபலம். டிஸ்க்கில் ஃபைல்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று அறிந்து, நிரம்பிய பகுதியை மட்டும் எடுக்கும். எங்கள் யுனிக்ஸின் அடுக்குமுறை அதற்குப் பிடிபடாது.

மிஞ்சியது டிடி. 1970களிலிருந்து யுனிக்ஸில் இருக்கும் கட்டளை. பெயர் ஐபிஎம் மெயின்ஃபிரேமின் ஜேசிஎல்லிலிருந்து வந்தது. ஃபைல் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. முதல் பிளாக்கிலிருந்து கடைசி வரை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் நல்ல டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். அதை மூன்று முறை சரிபார்த்தேன். பயந்தது ஒன்று, நடந்தது வேறு.

படிக்க முடியாத பிளாக் வந்தால் டிடி நின்றுவிடும். நிற்காமல் போகச் சொல்ல 'நோஎரர்' என்று சேர்க்க வேண்டும். அதை மட்டும் சேர்த்தேன். பழுதான பிளாக்கை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் இடத்தில் எழுதிக்கொண்டே போனது. அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் இடம் மாறிவிட்டன. புது டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. கூடவே 'சிங்க்' என்று ஒரு சொல் போட்டிருந்தால், பழுதான இடத்தில் ஜீரோக்களை நிரப்பி, மற்றதை அதனதன் இடத்திலேயே வைத்திருக்கும்.

ஏடு பெயர்த்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். உ.வே.சா. 1894-இல் முதன்முதலில் அச்சிட்ட புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். சிதைந்துபோன அடிகள் புள்ளி வரிசையாக நிற்கும். அடுத்த சீரை இழுத்து ஒட்டியிருந்தால், போனது எங்கே என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

மறுபடி முயல்வதற்குள் பழைய டிஸ்க் சுழல்வதையே நிறுத்திவிட்டது. இன்று டிடிரெஸ்க்யூ இருக்கிறது. முதலில் நல்ல பகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, பழுதான இடங்களைக் குறித்து வைத்துப் பிறகு வந்து தட்டிப் பார்க்கும். எங்களுக்கு டேப்தான் கதி. அன்றைய பதிவுகளை ரசீதுகளைப் பார்த்து இரவெல்லாம் தட்டியவர் இந்த நண்பர்தான்.

பஸ் வந்தது. "வரேன் சார், சிங்க்கை மறந்துராதீங்க" என்று ஏறிக்கொண்டார்.