பாண்டா

பாண்டா (பெ.): மூங்கில் தின்னும் இமயமலை விலங்கு; செம்பாண்டா.

பாண்டா என்றதும் கறுப்பு வெள்ளைச் சீனக் கரடிதான் இன்று நினைவுக்கு வரும். பெயருக்கு மூத்த உரிமை செம்பாண்டாவுக்கே. 1825இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரெடெரிக் குவியே அதற்கு ‘ஒளிரும் பூனை’ என்று பொருள்படும் ‘அய்லுரஸ் ஃபுல்ஜென்ஸ்’ என்னும் அறிவியல் பெயரைச் சூட்டினார். சீனக் கரடி மேலை அறிவியலுக்கு அறிமுகமானது 1869இல்தான்.

‘பாண்டா’வின் வேர்ச்சொல் நேபாள மலைவழக்கான ‘நிகால்ய போன்யா’ என்பர். ‘நிகாலோ’ என்றால் சிறுமூங்கில். செம்பாண்டாவுக்குப் பெயருக்கேற்ற பிழைப்பு: மணிக்கட்டு எலும்பு ஒன்று கட்டைவிரல்போல் நீண்டிருக்க, அதனால் மூங்கில் தண்டைப் பற்றி இலைகளைக் கடித்துத் தின்னும். இது பூனையுமல்ல, கரடியுமல்ல. அய்லுரிடே குடும்பத்தில் எஞ்சியிருப்பது செம்பாண்டா மட்டுமே.

சிக்கிமின் மாநில விலங்கான இது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் அருகிவரும் இனம். மேய்ச்சலும் சாலைகளும் மூங்கில் காட்டைத் துண்டாடுகின்றன. கள்ள வேட்டையும் தெருநாய்கள் பரப்பும் நோயும் மிச்சத்தைக் குறைக்கின்றன. டார்ஜிலிங் உயிரியல் பூங்காவில் பிறந்தவற்றைச் சிங்கலீலா காட்டில் விடுகிறார்கள். அவை பிழைக்க அங்கே மூங்கில் நிற்க வேண்டும்.