தேசப் பெருமிதமும் பொதுவிட ஒழுக்கமும்

நாட்டுப்பற்றை மேடைப் பேச்சால் அளப்பதா, அன்றாட நடத்தையால் அளப்பதா என்னும் வினா இந்திய தேசிய இயக்கத்தினுள்ளேயே எழுந்ததொன்றாகும். 1901இல் கல்கத்தாவிற் கூடிய காங்கிரஸ் மகாசபையிற் பிரதிநிதிகளின் மலசலகூடங்கள் அசுத்தமாய்க் கிடந்தன. அதனைக் காந்தி சுட்டிக்காட்டியபோது, அது தோட்டியின் வேலை எனத் தொண்டர்கள் விடையளித்தனர். காந்தி தாமே துடைப்பத்தைக் கையிலெடுத்தார்.

1916 பெப்ரவரியிற் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில், மன்னர்கள் வீற்றிருந்த அவையிலே, விசுவநாதர் ஆலயத்தைச் சூழ்ந்த சந்துகளின் அழுக்கையும், புகையிரதப் பெட்டிகளில் எச்சில் உமிழும் வழக்கத்தையும் அவர் எடுத்துரைத்தார். தன்னாட்சி வேண்டுவோர் தம் கோயிலையும் வீதியையும் முதலிற் பேணவேண்டும் என்பதே அவர் கருத்தாகும்.

எனினும், இதனைத் தனிமனித ஒழுக்கக் குறைபாடாக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. கல்கத்தாத் தொண்டரின் விடையே காரணத்தையும் புலப்படுத்துகின்றது. கழிவகற்றல் சில சாதியினரின் பிறப்புத்தொழிலென விதிக்கப்பட்ட சமூகத்திலே, வீட்டு முற்றத்தைப் பெருக்குவோர் குப்பையை வீதியில் எறிதல் முரணாகத் தோன்றவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலில் மக்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம், குடியரசு தோன்றி நாற்பதாண்டு கடந்தபின், 1993இலேயே இயற்றப்பட்டது; அதுவும் போதாமையால் 2013இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. துடைப்பம் சாதியின் அடையாளமாக இருக்குமளவும் தேசப் பெருமிதம் குறையுடையதே எனலாம்.