வான்தகுதி ஆணை

பயன்பாட்டில் உள்ள விமானங்களில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் அதைச் சரிசெய்தே தீர வேண்டும் என அரசின் விமானப் போக்குவரத்து ஆணையம் பிறப்பிக்கும் சட்டப்படியான கட்டளை வான்தகுதி ஆணை எனப்படும். எடுத்துக்காட்டாக, 2005 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் போயிங் 777 விமானம் 38,000 அடியை எட்டியபோது, விமானி அறைத் திரை வேகம் மிகக் குறைவு என்றும் மிக அதிகம் என்றும் ஒரே நேரத்தில் காட்டியது. விமானம் தானாக மூக்கை உயர்த்தி ஏறத்தாழ 41,000 அடிக்கு ஏற, வேகம் மணிக்கு 270 கடல் மைலிலிருந்து 158 கடல் மைலாகச் சரிந்தது. விமானிகள் பெர்த்துக்கே பத்திரமாகத் திரும்பினர். வேகத்தையும் இயக்கத்தையும் கணித்துத் தரும் கருவியில் ஒரு முடுக்கமானி, அதாவது வேக மாற்றத்தை அளக்கும் உணரி, 2001இலேயே பழுதாகியிருந்ததையும், மற்றொன்றும் பழுதானதும் மென்பொருள் பிழையால் அந்தப் பழைய உணரியின் தரவே மீண்டும் ஏற்கப்பட்டதையும் ஆஸ்திரேலியப் புலனாய்வு வெளிக்கொணர்ந்தது. பழுதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட கருவியே இப்படித் தவறியது மிகுந்த கவலைக்குரியது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2005 ஆகஸ்ட் இறுதியிலேயே அவசர ஆணை பிறப்பித்து, முந்தைய மென்பொருளை நிறுவச் செய்தது. இத்தகைய ஆணைகளை ஆராய்ந்து நடைமுறைப்படுத்துவது விமானம் பதிவான நாட்டின் கடமை. மலேசியப் பதிவு விமானங்களுக்கு 2018 முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமே அப்பொறுப்பை ஏற்றுள்ளது.