தாம்ட்ரூப் தேவாலயம்

தாம்ட்ரூப் தேவாலயம் டென்மார்க்கின் ஜட்லாண்டு தீபகற்பத்தில், ஹோர்சன்ஸ் நகருக்கு மேற்கே குன்றின் மேல் அமைந்துள்ள கிராமத் தேவாலயம். 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. டென்மார்க் மன்னர் ஹரால்ட் புளூடூத் கிறித்துவராக மாறிய கதையைச் சித்திரிக்கும் பொன்முலாம் பூசிய செப்புத் தகடுகள் இங்கே கிடைத்தன.

கட்டட அமைப்பு

டென்மார்க்கின் இடைக்காலக் கிராமத் தேவாலயங்கள் பெரும்பாலும் ஒற்றைக் கூடம் கொண்ட சிறு கட்டடங்கள். தாம்ட்ரூப் தேவாலயமோ உயர்ந்த நடுக்கூடமும் இருபுறமும் தாழ்ந்த பக்கக்கூடங்களும் கொண்ட பசிலிக்கா அமைப்பில் உள்ளது. இடைக்காலச் சுவரோவியங்களும் இங்குள்ளன.

பொப்போவின் கதை

ஹரால்ட் ஏறத்தாழ பொ.யு. 965இல் மதம் மாறினார். சில ஆண்டுகளுக்குள் அந்நிகழ்வை எழுதியவர் சாக்சனி நாட்டின் கோர்வே மடத்துத் துறவி விதுகிண்ட். அவரது குறிப்பின்படி, ஒரு விருந்தில் எந்தக் கடவுள் பெரியவர் என்ற விவாதம் எழுந்தது. கிறித்துவே ஒரே கடவுள் என்றார் பொப்போ என்னும் குரு. அதை மெய்ப்பிக்க மறுநாள் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தினார். கை புண்படாததைக் கண்டு மன்னர் புதிய மதத்தை ஏற்றார்.

தகடுகள்

தகடுகள் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. தீயில் காய்ச்சப்படும் இரும்புக் கையுறை, பொப்போவின் சோதனை, மரத்தொட்டியில் நின்று திருமுழுக்குப் பெறும் மன்னர் ஆகிய காட்சிகள் அவற்றில் உள்ளன. விதுகிண்ட் இரும்பு என்று மட்டுமே எழுதினார். தகடுகளிலோ அது கையுறையாகிவிட்டது. அதே காலத்தில் டென்மார்க் வரலாற்றை எழுதிய சாக்சோ கிராமாட்டிகசும் கையுறை என்றே கூறுகிறார். ஆகவே இத்தகடுகள் 10ஆம் நூற்றாண்டு நிகழ்வின் நேரடிச் சான்றல்ல. அந்நிகழ்வை 1200ஆம் ஆண்டளவில் மக்கள் எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பதற்கான சான்று. ஹரால்டின் மதமாற்றத்துக்கு அவர் காலத்துச் சான்று யெல்லிங் கிராமத்தில் அவரே நிறுவிய ரூனிக் எழுத்துக் கல்லாகும். டேனியர்களைக் கிறித்துவராக்கியதாக அதில் அவர் கூறியுள்ளார். பொப்போவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மீட்பு

தகடுகள் முதலில் திருப்பண்டப் பேழையையோ பலிபீடத்தையோ அணிசெய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1536இல் டென்மார்க் லூத்தரன் சபைக்கு மாறியபின் புனிதர் வழிபாடு கைவிடப்பட்டது. ஆனால் இத்தகடுகள் உருக்கப்படவில்லை. பிற்காலப் பிரசங்க மேடை ஒன்றில் அலங்காரமாகப் பொருத்தப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில்தான் அவற்றின் மதிப்பு உணரப்பட்டது. தற்போது அவை கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.