கூடையில் இருப்பதும் பாலில் இறங்குவதும்: பாலூட்டும் தாயின் சத்து மாத்திரைகள் குறித்து

2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஆறு மாதம் நிறையாத குழந்தை கடுமையான ஊட்டக்குறைவில் இருந்தால், அதன் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருவது திட்டத்தின் முக்கியக் கூறு. சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச் சத்து டானிக் ஆகியவை அதில் அடங்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு உணவு எதுவும் கூடாது என்பதால் குழந்தைக்கு நேரடியாகச் சத்துணவு எதையும் தர முடியாது. எனவே தாய்க்குத் தருகிறார்கள். ஏற்பாடு நியாயமானது. ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: தாய் விழுங்குவது பாலில் இறங்கும் என்பது. சத்து மாத்திரை பாலூட்டும்போது பாதுகாப்பானதா என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாமியாரும் மருமகளும் வாதிடும்போதும் அடியில் இருப்பது இதே அனுமானம்தான். மருமகள் "பிள்ளைக்குச் சேரும்" என்கிறாள். மாமியார் "பிள்ளைக்குச் சூடு, வயித்தால போவும்" என்கிறார். இருவரும் ஒரே குழாயைத்தான் நம்புகிறார்கள்.

அந்தக் குழாய் எல்லாச் சத்துக்கும் திறந்திருக்கவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காத வரை பாதுகாப்பு பற்றிய எந்தப் பேச்சும் குழப்பத்தில்தான் முடியும்.

இரும்பிலிருந்து தொடங்கலாம். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பாதிகூட வராது. தாய் இரத்தசோகையில் வாடினாலும், நாள்தோறும் மாத்திரை போட்டாலும் இந்த அளவு பெரிதாக அசைவதில்லை. குழந்தை முதல் ஆறு மாதத்துக்கான இரும்பைப் பெரும்பாலும் கருப்பையிலேயே சேமித்துக்கொண்டு வந்துவிடுகிறது; தொப்புள்கொடியைச் சற்றுத் தாமதித்து வெட்டச் சொல்வதும் அந்தச் சேமிப்புக்காகத்தான். ஆகவே செவிலியர் கொடுக்கும் சிவப்பு மாத்திரையால் குழந்தைக்குச் சூடு பிடிக்க வழியில்லை. பெட்டகத்தின் டானிக்கால் குழந்தைக்கு இரத்தம் ஊறவும் வழியில்லை. மாத்திரை போட்டபின் கறுப்பாவது தாயின் மலம், குழந்தையுடையது அல்ல.

அப்படியானால் மாத்திரை வீணா? இந்த இடத்தில்தான் நம் பொதுச் சுகாதாரப் பேச்சு தடுமாறுகிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேல், 53.4 விழுக்காட்டினர், இரத்தசோகை உள்ளவர்கள். பிரசவத்தில் இரத்தம் இழந்தவளுக்கு அதை மீட்டுத் தருவதே மாத்திரையின் வேலை. 2018இல் தொடங்கிய 'இரத்தசோகை இல்லா பாரதம்' திட்டம் பிரசவத்துக்குப் பின் 180 நாள், நாளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் வகுத்திருக்கிறது. இது அவளுக்காக மட்டுமே. "பிள்ளைக்கு நல்லதும்மா" என்று சொல்லிக் கொடுத்தால், "பிள்ளைக்கு ஆகல" என்று சொல்லி நிறுத்துவதும் எளிதாகிவிடும். தாயின் உடம்பு தன்னளவில் ஒரு காரணமாகப் போதாது என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும்.

சுண்ணாம்புச் சத்தும் இந்த வகையே. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அரியலூர் நிலம் ஒருகாலத்தில் கடலடியாக இருந்தபோது வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் தோண்டுவது அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லை. வேதியியலில் அது கால்சியம் கார்பனேட்; துணை சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையிலும் இருப்பது அதே பொருள்தான். (சுண்ணாம்புப் பாறைமேல் குடியிருப்பவர்களுக்குச் சுண்ணாம்புக் குறைவு என்பது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் பாறையை யாரும் தின்பதில்லை.) மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி 500 மில்லிகிராம் கால்சியமும் 250 அலகு வைட்டமின் டியும் கொண்ட மாத்திரை நாளுக்கு இரண்டு, பிரசவத்துக்குப்பின் ஆறு மாதம்வரை. காம்பியா நாட்டின் கிராமத் தாய்மாருக்குக் கால்சியம் கொடுத்து ஆன் பிரெண்டிஸ் குழுவினர் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பெண்களின் உணவில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தும், மாத்திரையால் பாலின் கால்சியம் கூடவில்லை. தாயின் எலும்பு கடன் கொடுக்கிறது. பால் மறக்கடித்த பின் பெருமளவு திரும்பப் பெறுகிறது. குழந்தைக்கு இதில் ஆபத்தும் இல்லை, கூடுதல் லாபமும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் இரண்டையும் சேர்த்து முழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவளிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

குழாய் திறந்திருக்கும் சத்துகளுக்கு வருவோம். இவற்றைப் பற்றிய அறிவில் சென்னை மாகாணத்துக்குத் தனிப் பங்கு உண்டு. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராயிருந்த டபிள்யூ.ஆர். அய்க்ராய்டும் பி.ஜி. கிருஷ்ணனும் 1941இல், மாகாணத்தின் வடபகுதியான தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் கைக்குழந்தைகள் இறப்பதை ஆராய்ந்தார்கள். தாய்ப்பால் குடித்துக் கொழுகொழுவென்றிருந்த குழந்தை சில மாதங்களிலேயே மூச்சுத் திணறி இறந்தது. தாய் தின்றது தீட்டிய பச்சரிசி. தயமின் என்னும் வைட்டமின் பி1 அவள் உடம்பிலும் இல்லை, பாலிலும் இல்லை. தமிழ்ப் பகுதிகளைப் பெருமளவு காப்பாற்றியது புழுங்கல். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு நிற்கிறது. கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் தலைமுறைகளாக நெல் அவித்தவர்கள் வைட்டமின் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அண்மைக் காலத்தில் காஷ்மீரில் இதே நோய் மீண்டும் தென்பட்டது. தீட்டிய அரிசியோடு பிரசவத்துக்குப் பிந்தைய உணவுக் கட்டுப்பாடும் அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது. பச்சை உடம்புக்காரிக்கு ரசமும் பூண்டும் சோறும் மட்டும் போட்டு நாற்பது நாள் ஓட்டும் வீடுகள் நம்மிடமும் உண்டு. நம் பத்தியத்தில் எல்லாம் குறையல்ல; பால்சுறாக் கருவாடும் முருங்கைக்கீரையும் சேர்த்த பத்தியம் சத்துள்ளதுதான். வெறும் ரசச் சோற்றுப் பத்தியத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பி12 கதை இன்னும் பக்கத்து ஊர்க் கதை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962இல் 'லான்செட்' இதழில் ஒரு நோய்த்தொகுதியை விவரித்தார்கள். தாய்ப்பாலையே நம்பியிருந்த குழந்தைகள். மந்தம், கற்றதை மறப்பது, தோலில் கருமை, இரத்தசோகை. தாய்க்கு பி12 இல்லை, பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் மீண்டன. பால், முட்டை, மீன் எதுவும் தொடாத தாய்க்கு, அல்லது வறுமையால் தொட முடியாத தாய்க்கு, பி12 மாத்திரை பாதுகாப்பானதா என்று கேட்பதைவிட அது இல்லாமலிருப்பது பாதுகாப்பானதா என்று கேட்பதே சரி. ஃபோலிக் அமிலம் மட்டும் தனியே போனால் இரத்தசோகை மேலுக்குத் தேறி, பி12 குறைவு நரம்பில் மறைந்து நிற்கக்கூடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நீரில் கரையும் இந்த பி வகையில் மிகுதியால் வரும் கேடு குறைவு. 1970களில் பால் வற்ற வைக்க பி6ஐ நாளுக்கு 600 மில்லிகிராம் அளவில் கொடுத்துப் பார்த்தார்கள்; ஒரு குழு பலித்தது என்றது, பின்னால் வந்தவர்கள் இல்லை என்றார்கள். 'நரம்பு மாத்திரை' என்று கடையில் வாங்குவதில் 100 மில்லிகிராம் வரை இருப்பதுண்டு. பால் வற்றும் அளவுக்கு அது வராது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த உச்ச வரம்பே அந்த 100தான். கை மரத்தால் மருத்துவர் சொல்லிப் போடலாம், பிள்ளை பெற்ற அசதிக்குப் போடுவதற்கில்லை.

கொழுப்பில் கரையும் ஏ, டி இரண்டும்தான் உண்மையில் கணக்குப் பார்க்க வேண்டியவை. பிரசவித்த தாய்க்கு 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒருகாலத்தில் சொன்னது. பயன் தெளிவாகத் தெரியாததால் 2011இல் அப்பரிந்துரையைக் கைவிட்டது. பழைய பரிந்துரையிலேயே, பிரசவித்த சில வாரங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற கெடு ஒன்று இருந்தது. அதற்குக் காரணம் மடியில் இருந்த குழந்தையல்ல. அதற்குப் பிறகு கொடுத்தால், அவள் மீண்டும் கருவுற்றிருக்கும் நிலையில் அந்தக் கருவுக்கு ஆபத்து என்பது. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களுக்கு வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் மீன் எண்ணெய் மாத்திரை டப்பாக்கள் இருக்கும். மீனின் ஈரலில் எடுத்த எண்ணெய்க்கும் உடலில் எடுத்த எண்ணெய்க்கும் வேறுபாடு உண்டு; ஈரல் எண்ணெயில்தான் ஏ, டி இரண்டும் திரண்டிருக்கும். முருங்கைக்கீரைக்கு இந்தக் கவலை வேண்டாம். அதிலிருப்பதை உடம்பு தேவைக்கு ஏற்பத்தான் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது.

வைட்டமின் டி பாலில் இயல்பாகவே சொற்பம். அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் கைக்குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு சொட்டு மருந்தாகத் தரச் சொல்கிறது. ஹாலிஸும் வேக்னரும் அமெரிக்காவில் 2015இல் வெளியிட்ட ஆய்வில் தாய்க்கு மட்டும் நாளுக்கு 6,400 அலகு கொடுத்தபோது, சொட்டு மருந்து இல்லாமலேயே குழந்தைக்குப் போதிய டி கிடைத்தது. ஆக, இந்தக் குழாய் திறந்தே இருக்கிறது. ஆனால் அகலத் திறக்க வேண்டும். நம் ஊரில் டி என்றால் 60,000 அலகுப் பாக்கெட். வாரம் ஒன்றைப் பாலில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். ஏழால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 8,570. சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், இது அச்சப்படும் அளவல்ல. 'வாரம் ஒன்று' என்பது 'தினம் ஒன்று' ஆகும்போதுதான் ஆபத்து. பொடி, பாலில் கலப்பது, இனிப்பு: இவை எல்லாமே தினம் குடிக்கும் சத்துமாவின் தோற்றம். நோய் காரணமாக நாளுக்கு ஒரு லட்சம் அலகு எடுத்த ஒரு தாயின் பாலில் டி பல ஆயிரம் அலகுக்கு ஏறியதை 1984இல் பதிவு செய்திருக்கிறார்கள். தினம் ஒரு பாக்கெட் என்றால் அதில் பாதிக்கு மேல்.

இனி, கூட்டல். ஒரு கணக்குக்காகக் குன்னம் வட்டத்தில் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. ரேஷனில் வருவது செறிவூட்டிய அரிசி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் சிலர் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறியும் மணிகளில்தான் அந்தச் சத்து இருக்கிறது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் என்பது விதி. 400 கிராம் சமைத்துத் தின்றால் 11 முதல் 17 வரை. மேலே அங்கன்வாடிச் சத்துமாவு, பெட்டகத்து டானிக், தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த ஒரு காப்ஸ்யூல், சித்த மருத்துவத்தின் மகப்பேறு சஞ்சீவித் தொகுப்பில் வந்து மீந்த மாதுளை மணப்பாகு. மொத்தம் 100ஐத் தாண்டலாம். இரத்தசோகை உள்ளவளுக்கு அரசே நாளுக்கு 120 வரை கொடுக்கிறது என்பதால் இது நஞ்சில்லை. ஆனால் வயிறு புரட்டும், மலம் இறுகும். அப்போது அவள் எதை நிறுத்துவாள்? காசு கொடுத்து வாங்கியதை நிறுத்த மாட்டாள். சும்மா வந்த சிவப்பு மாத்திரைதான் முதலில் போகும்; அளவு தெளிவாக வகுக்கப்பட்டது அது ஒன்றுதான்.

நிறுத்திய மாத்திரை எங்கே கிடக்கிறது என்பதும் முக்கியம். சர்க்கரைப் பூச்சிட்ட சிவப்பு உருண்டை, மிட்டாய் போலவே இருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டு வயது மூத்த பிள்ளையும் இருப்பது வழக்கம். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். 20 போனாலே அறிகுறி தொடங்கும். பத்து கிலோ எடைப் பிள்ளைக்கு அந்த 60 என்பது சரியாகப் பத்து மாத்திரை. பால் வழியாக வராத இரும்பு, அலமாரி வழியாக வந்துவிடும். பாலூட்டும் தாயின் மாத்திரைகளின் பாதுகாப்பைப் பேசும்போது இது எளிதில் விடுபட்டுப் போகும்; என்னைக் கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கூட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? தாய் சேய் நல அட்டையில் அரசு கொடுத்த மாத்திரைக்கு இடம் உண்டு. கடையில் வாங்கியதற்கு இல்லை. ஆனால் ஆறாம் வாரமும் பத்தாம் வாரமும் பதினான்காம் வாரமும் தடுப்பூசிக்காக அவள் எப்படியும் புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அன்று குழந்தையோடு வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாம். புதிய பதிவேடும் வேண்டாம், புதிய பணியிடமும் வேண்டாம். செவிலியருக்குத் தலைக்கு ஐந்து நிமிடம் வேண்டும், அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். பையைக் கவிழ்த்தால் மாத்திரை அட்டைகளில் பாதியில் பெயர் இருக்காது. பத்தில் நான்கு போதும் என்று கேட்டதும் மருந்துக்கடையில் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்திருப்பார்கள். பெயரும் அளவும் காலாவதித் தேதியும் மற்ற ஆறோடு கடையிலேயே நின்றுவிட்டிருக்கும்.